வாய் இல்லாத அகழி

மழை பிடித்தால் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். கூரை ஒழுகினால் அடியில் ஒரு குண்டா வைத்துச் சமாளிக்கலாம். தரை நகர்ந்தால் எதை வைப்பது?

தேயிலைக்கு விலையில்லாமல் போன வருஷங்களில் எனக்கு வந்த பழக்கம் இது. கீழ் கோத்தகிரிச் சரிவில் ஒரு எஸ்டேட்டில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட மேல் லைனில், காட்டை ஒட்டிய கடைசி வீட்டில் அப்போது குடியிருந்தோம். நான், என் மனைவி, அவளுடைய அப்பா. பக்கத்து வீட்டில் மனைவியின் தம்பி. அவன் எதைப் பார்த்தாலும் சிரிப்பான். நான் எதைப் பார்த்தாலும் பயப்படுவேன். எங்கள் இரண்டு பேரையும் கலந்து இரண்டாகப் பிரித்தால் இரண்டு சரியான ஆட்கள் கிடைப்பார்கள் என்று மாமனார் சொல்வார்.

பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் அதைத் தாண்டப் பயந்து நின்று நின்றே ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அப்பா என்னைத் தன்னோடு கான் வெட்டும் வேலைக்குக் கூட்டிக்கொண்டார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் இறங்குவதற்கு வெட்டுகிற வாய்க்காலுக்குத்தான் எங்கள் பக்கம் கான் என்று பேர். தண்ணீருக்குப் பயந்தவனுக்குத் தண்ணீருக்கு வழிகாட்டுகிறதே பிழைப்பாகிவிட்டது.

வீட்டில் மற்றவர்களுக்கு வேறு பயம். ஒரு விடிகாலையில் யானை வந்து எங்கள் சமையற்கட்டுச் சுவரைத் தள்ளிவிட்டது. உள்ளே இருந்த ரேஷன் அரிசியும் உப்பும்தான் அதற்கு வேண்டும். யார் மேலும் அதற்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அடுப்புப் பற்றவைக்க உட்கார்ந்திருந்த மாமனாரின் இடுப்பில் அந்தச் சுவர் விழுந்தது. ஃபாக்டரியில் கொழுந்து எடை போட்டுக்கொண்டு நாளெல்லாம் நின்றிருந்த மனுஷன் அதன் பிறகு எழுந்து நிற்கவேயில்லை. அவரைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டிவிடுவது எல்லாம் என் மனைவிதான். வெளியே ஒரு மரக்கிளை முறிந்தால்கூடப் போதும், ஓடிப்போய் அப்பாவின் கட்டிலுக்குக் குறுக்கே நிற்பாள். யானை வந்தால் இவள் குறுக்கே நின்று என்ன ஆகப்போகிறது? ஆனாலும் நிற்பாள்.

முன்னெல்லாம் யானை இவ்வளவு ஏறி வந்ததில்லை. விலை விழுந்ததும்தான் வர ஆரம்பித்தது. ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்றார்கள். வெளிநாட்டு டீ மலிவாக வந்து இறங்குகிறது என்றார்கள். எங்கேயோ யாரோ குடிப்பதை விட்டதற்கு இங்கே எங்கள் ஃபாக்டரிப் புகைபோக்கி அடங்கிப்போனது. கிளை வெட்டிக் கவாத்துப் பண்ண ஆளில்லாமல் தேயிலைச் செடி மரமாகி நின்றது. ஆள் உயரச் செடிக்குள் யானை நின்றால் பக்கத்தில் போகிறவரைக்கும் தெரியாது. கான் வெட்டுவதையும் நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "கான்ல கொழுந்து முளைக்குமா?" என்று எஸ்டேட் மேனேஜர் தொரை கேட்டதாக மேஸ்திரி வந்து சொன்னார். முளைக்காதுதான். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் தூர்வாரிய கான்கள் எல்லாம் மண்ணும் சருகும் மூடி, எது கான் எது நிலம் என்று தெரியாமல் போயின. எனக்குத் தூக்கம் குறைந்தது அப்போதிருந்துதான்.

அந்தச் சமயத்தில்தான் யானை அகழி வந்தது. லைன் சனங்கள் எல்லோரும் சேர்ந்து மனுக்கொடுத்துக் கேட்டதுதான். முதலில் கையெழுத்துப் போட்டவள் என் மனைவி. காட்டைக் காப்பாற்ற வெளிநாட்டிலிருந்து பணம் வந்திருக்கிறது, அதில் அகழியும் உண்டு என்றார்கள். அதற்கு முன்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். மலைமலையாக ஐஸ் கட்டி உடைந்து கடலில் விழுந்தது. உலகம் சூடாகிக்கொண்டே வருகிறது, இந்த மாதிரிச் சோலைக்காடுகள்தான் இனி உலகத்துக்குப் பாதுகாப்பு, நீங்கள்தான் அதற்குக் காவல் என்று ஒரு அம்மா மெதுவாக, நல்லவிதமாகப் பேசினார்.

"காவலுக்கு நம்மளப் போட்டுட்டாங்க மச்சான். சம்பளம் ரஷ்யாக்காரன் தருவானா, ஐசுக்காரன் தருவானான்னு கேளுங்க" என்றான் மச்சினன்.

நான் அதைக் கேட்கவில்லை. எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. எழுந்து, "ஏனுங்கம்மா, அந்த ஐசு உருகற தண்ணியெல்லாம் எங்கீங்க போகும்?" என்றேன்.

"கடலுக்குத்தாங்க. கடல் மட்டம் உயரும்."

"அப்ப கடலோரத்துல இருக்கறவங்க?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "அவங்க வேற எடத்துக்குப் போக வேண்டி வரும்."

"எங்கீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். உட்காருங்க மாமா, கடல் இங்க வராது என்று யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த படத்தைப் போடச் சொன்னார்.

அகழி வெட்ட எங்களையே கூலிக்கு எடுத்தார்கள். எஸ்டேட்டில் வேலையில்லாத நேரம், சந்தோஷமாகப் போனோம். லைனுக்கு மேலே, காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே, சரிவுக்குக் குறுக்காக வெட்டினோம். ஓர் ஆள் இறங்கி நின்றால் தலை தெரியாத ஆழம்.

கான் வெட்டுகிறவர்கள் மேலிருந்து தொடங்குவதில்லை. தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும் என்று பார்த்து, அந்த இடத்தைத்தான் முதலில் வெட்டுவோம். அதற்கு வாய் என்று பேர். வாயிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டே ஏறுவோம். பாதி வேலையில் மழை வந்தாலும் வெட்டினவரைக்கும் தண்ணீர் ஓடிவிடும். இது யாரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. கை அப்படித்தான் போகும். இந்த அகழியை மட்டும் நடுவில் தொடங்கினோம். இரண்டு முனையும் பாறையில் போய் முட்டி நின்றது. கான் வெட்டிப் பழகினவர்கள் அத்தனை பேரும் அதில் நின்றோம். யாருக்கும் கை கூசவில்லை. கடைசி நாளில், முடிந்தது என்று மம்பட்டியைக் கழுவும்போதுதான் எனக்கே உறைத்தது.

"சார், இதுக்கு வாய் எங்கீங்க?" என்று ஃபாரஸ்ட் கார்டிடம் கேட்டேன்.

அவர் பொறுமையானவர். "வாய் வெச்சா அது வழியாத்தான் யானை ஏறும். எங்க சரிவு கம்மின்னு காலால தடவிப் பார்த்தே கண்டுபிடிச்சுரும். அதுக்கு உங்களவிட மூளை சாஸ்தி."

அதுவும் நிஜம்தான். கரையில் சறுக்கல் இருக்கிற இடமாகப் பார்த்து மண்ணைத் தள்ளித் தள்ளி இறங்கி ஏறுகிற யானைகளை நாங்களே பார்த்திருக்கிறோம். அகழிக்குக் கற்பூரம் காட்டினார்கள். என் மனைவி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அதன்பின் அவள் நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள். கட்டிலுக்குக் குறுக்கே நிற்பதும் நின்றது. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து நானும் வாயைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை வந்தது. எங்கள் சரிவுக்கு அதுதான் பெரிய மழை. அந்த வருஷம் தூறலாகத் தொடங்காமல் கொட்டலாகவே தொடங்கியது. அகழி நிரம்பிக்கொண்டே வந்தது. வழக்கமாகக் கான்வழி பிரிந்து பிரிந்து ஓடிப்போகிற தண்ணீர் எல்லாம் எங்கள் தலைக்கு மேலே ஒரே இடத்தில் நின்றது. பெய்கிற அளவுக்கு மட்டம் ஏறவில்லை. மீதி எங்கே போகிறது? மண்ணுக்குள்தான் போகிறது. மண்ணுக்குள் போய்?

பின்கதவு நிலையில் இறுக ஆரம்பித்தது. மழைக்கு மரம் ஊறியிருக்கும் என்றாள் மனைவி. லைன் குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. மழைக்கு அப்படித்தான் வரும் என்றாள். வீட்டுக்குப் பின்னால் செடிகளுக்கு நடுவே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். மறுநாள் அதில் கை நுழைந்தது.

"ஏனுங்க, போன மழைக்கும் இதேதான் சொன்னீங்க. இடி இடிச்சதுக்கு மலை சரியுதுன்னு என்ற அப்பனைக் கட்டிலோட வெளிய தூக்கி வெச்சீங்க. நனைஞ்சு காச்சல்ல படுத்தாரு. மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அதுதான் என் கஷ்டம். ஆயிரம் தடவை பயந்தவன் சொல்லுக்கு ஆயிரத்தோராவது தடவை என்ன மதிப்பு இருக்கும்? எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. இது மழையா, என் மனசா என்று தெரியாமல் விரிசலில் கையை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் மம்பட்டியை எடுத்தேன். மச்சினனும் கடப்பாரையோடு கூட வந்தான். "பாறைக்குப் பக்கத்துல ஒரு கை அகலம் வெட்டிவுட்டாப் போதும் மச்சான், வடிஞ்சுரும்" என்றான். முதல் தடவையாக அவன் சிரிக்காமல் பேசியதில் எனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது.

பாறையோரம் போய் நின்று, பழக்கத்தில் முதலில் கீழே பார்த்தேன். வாய் வெட்டினால் தண்ணீர் எங்கே போய் விழும்? நேர் கீழே படுகர் ஒருவரின் சின்னத் தேயிலைத் தோட்டம். எங்களைப் போலவே விலையில்லாமல் தவிக்கிறவர். இலை பறிக்க ஆள் வைத்துக் கூலி கொடுக்கக் கட்டுப்படியாகாமல் அவரும் அவர் மனைவியுமே பறித்துக்கொண்டிருந்தார்கள். மேலே நாங்கள் மம்பட்டியோடு நிற்பதைப் பார்த்ததும் குடையைப் போட்டுவிட்டு ஏறி வந்தார்.

"ஏம்ப்பா, என்ன பண்றீங்க?"

"தண்ணிய வடிக்கோணுங்ண்ணா. லைனுக்குப் பின்னால நெலம் வாய் பொளக்குது."

"வடிச்சு? எங்க விடறே? என் தலையிலயா?"

"ஓடையப் பார்த்துத் திருப்பி…"

"இவ்வளவு தண்ணி உன் சொல் கேட்டுத் திரும்புமா? ஒரே அடியில என் செடியெல்லாம் ஓடைக்குப் போயிரும். எனக்கு இது ஒண்ணுதான்ப்பா இருக்குது. உனக்கு எஸ்டேட்டு ஊடு. எனக்கு இது சொந்தம்."

"ஊட்ல நடக்க மாட்டாத மனுஷன் இருக்கறாருங்ண்ணா."

"என் ஊட்லயும் மனுஷங்கதான் இருக்கறாங்க."

சத்தம் கேட்டு கார்டும் வந்துவிட்டார். மம்பட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டார். "அகழிய ஒடைச்சா கேஸு. உங்க மேல, எம் மேல, ரெண்டு பேரு மேலயும். இன்னைக்கு ஒடைப்பீங்க, நாளைக்கு யானை வந்து ஒருத்தர மிதிச்சா யாரு பதில் சொல்றது?"

"இன்னைக்கு மலை மிதிச்சா யாருங்க சார் பதில் சொல்றது?" என்றான் மச்சினன்.

கார்டு மம்பட்டியின் பிடியை விட்டார். அவர் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே எழுதிப்போட்டு ஆர்டர் வாங்கலாம் என்றார். அவர் குரலிலேயே அதற்கு நம்பிக்கை இல்லை.

அப்போது மனைவி வந்தாள். தலைக்கு உரச்சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்து, நான் வெட்ட நின்ற இடத்தில் போய் நின்றாள்.

"வெட்டாதீங்க."

"இத பாரு, வெரிசல்ல கை போகுது…"

"நீங்க பயப்படறது வருமோ வராதோ. நான் பயப்படறது வந்துட்டுப் போயிருச்சு. என்ற அப்பன் இடுப்பு அதுக்குச் சாட்சி. இந்தக் குழி வந்தப்புறந்தான் நான் கண்ண மூடறேன். அதையும் வெட்டீட்டீங்கன்னா நான் எப்படிங்க இருக்கறது?"

கொட்டுகிற மழையில் நின்று அவள் அழுதாள். மேலே அகழி, கீழே தோட்டம், நடுவில் லைன். யாரைக் காப்பாற்ற வெட்டினாலும் இன்னொருவர் மேல்தான் மண் விழும். நான் மம்பட்டியைக் கீழே போட்டேன்.

போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "வெட்டலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளு. மழை விடற வரைக்கும் ஊட்ல இருக்க வேண்டாம். ஃபாக்டரி மேல் மாடி சும்மாதான் கிடக்குது. அங்க போயிரலாம். ஒண்ணும் ஆகலைன்னா இனிமே என்ற வாயில பயம்னு ஒரு வார்த்தை வராது."

அவள் என்னை நம்பி ஒப்புக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒப்புக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

மாமனாரைக் கொழுந்துச் சாக்கில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கோத்துத் தூக்கினோம். முன்னால் மச்சினன், பின்னால் நான். எங்களைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் சட்டிபானையோடு கிளம்பினார்கள். பாதிப் பேர் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்கள். சாக்குக்குள்ளிருந்து மாமனார், "ஈரக் கொழுந்துப்பா, தண்ணிக்குக் கழிச்சுட்டு எடை போடுங்க" என்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கொழுந்தில் தண்ணீருக்குக் கழித்த மனுஷன். அந்த மழையிலும் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மேட்டில் கார்டு மட்டும் அகழியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

மறுநாள் மத்தியானம், மழை கொஞ்சம் விட்டு வெளிச்சம் வந்திருந்தது. சிலர் வீட்டுக்குத் திரும்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி சாக்கைக் காயப்போட்டுவிட்டு, "போலாங்களா?" என்று என்னைக் கேட்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம். இடி மாதிரி இல்லை. பெரிய லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல். ஜன்னலில் போய்ப் பார்த்தோம். செடிகள் நின்ற நிலையிலேயே, வரிசை கலையாமல் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. லைனின் இந்தக் கோடியில் சில வீடுகள் நின்றன. எங்கள் வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண். அந்த மண் நிற்காமல் போய், கீழே படுகரின் தோட்டத்தில் பாதியையும் மூடிவிட்டுத்தான் ஓய்ந்தது. அவர் எதைக் காப்பாற்ற ஏறி வந்தாரோ அது. அவரும் அவர் மனைவியும் அந்த நேரம் சோற்றுக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். கார்டு முந்தின நாள் இருட்டுவதற்குள் மேட்டைவிட்டு இறங்கியிருந்தார்.

மனைவி என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் சொன்னது நடந்துவிட்டது. ஒரு தடவையாவது என் பயம் சரியாக இருக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்திருந்தால் அந்த நினைப்பு நாசமாகப் போகட்டும் என்று அன்றைக்கு அழுதேன்.

ஜீப்புகள் வந்தன. வரைபடத்தை விரித்து எங்கள் சரிவைச் சிவப்பாக்கினார்கள். இது அபாயப் பகுதி, இனி இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்றார்கள். எங்கே குடியிருப்பது என்று கேட்டதற்கு அது வேறு இலாகா என்றார்கள். சரிவில் அடுப்படி கட்டியதும், விறகுக்குச் செடி வெட்டியதும்தான் காரணம் என்று ஒருவர் சொன்னார். கான் வெட்டாததைப் பற்றியோ அகழியைப் பற்றியோ யாரும் பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ஐஸ் படம் காட்டிய அந்த அம்மாவும் வந்தார். சரிவைப் படம் எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து கண் கலங்கினார். எங்கள் வீடு இருந்த மண் இனி வேறு எங்கேயோ வெள்ளைத் துணியில் விழும். அங்கேயும் யாராவது எழுந்து, இவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பார்களோ என்னவோ.

நாங்கள் எங்கேயும் போகவில்லை. ஃபாக்டரி மாடியிலேயே இருந்தோம். கொழுந்து வாட்டுவதற்குக் கட்டிய மாடி, நாலு பக்கமும் காற்று. சாக்கைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிரித்துக்கொண்டோம். மாமனாருக்கு நெஞ்சில் சளி கட்டி இழுத்துக்கொண்டே இருந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே யானைகள் வந்தன. சரிந்த மண் அகழியைத் தூர்த்துப் பாலம் போட்டிருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தின் மேலேயே நடந்து, அவசரமில்லாமல், ஃபாக்டரியைப் பார்த்து இறங்கின. மனைவி ஓடிப்போய் அப்பாவின் பாய்க்குக் குறுக்கே நின்றாள். மறுபடியும்.

அடுத்த வாரம் மனு எழுதினார்கள். ஃபாக்டரியைச் சுற்றி அகழி வேண்டும் என்று.

"வாயோட வெட்டோணும்னு எழுதுங்க" என்றேன்.

"வாய் வெச்சா யானை வருங்க மாமா. அப்புறம் அகழி எதுக்கு?" என்றார் எழுதியவர். அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். பாயில் மாமனாரின் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. நானும் போட்டேன்.

போட்டுவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஃபாக்டரிக்குப் பின்னால் போனேன். வெட்டுவதற்கு இல்லை. வெட்டினால் தண்ணீர் எங்கே போய் விழும் என்று பார்ப்பதற்கு. நேர் கீழே, மண் மூடாமல் மிஞ்சியிருந்த பாதித் தோட்டத்தில் அந்தப் படுகர் குனிந்து இலை பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் ஏறி வரவில்லை. கையில் இருந்த இலையோடு அப்படியே நின்றார். நானும் நின்றேன். இரண்டு பேருக்கும் நடுவே மழை மறுபடி தூற ஆரம்பித்தது.